வேலிக்கு வெளியே நின்ற உள்ளூராட்சி: சப்ரகமுவ தோட்டங்களின் கதை

1936 ஆம் ஆண்டு நடைபெற்ற அரசாங்க சபைத் தேர்தலில் றுவான்வெல்லைத் தொகுதியிலிருந்து என். எம். பெரேராவும், அயல் தொகுதியான அவிசாவளையிலிருந்து பிலிப் குணவர்த்தனவும் தெரிவு செய்யப்பட்டனர். இலங்கை இடதுசாரி இயக்கத்தின் வரலாற்றை எழுதுவோர் எவரும் இவ்விரு வெற்றிகளையும் குறிப்பிடத் தவறுவதில்லை. இறப்பர் தோட்டங்கள் நிறைந்த களனிப் பள்ளத்தாக்கு அன்று அரசியல் விழிப்புணர்வின் களமாக இருந்தது. 1931 இல் நடைமுறைக்கு வந்த டொனமூர் அரசியலமைப்பு, நிபந்தனைகளோடு என்றாலும், இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரில் ஒரு பகுதியினருக்கும் வாக்குரிமையை வழங்கியிருந்தது. 1931 இல் ஏறத்தாழ ஒரு இலட்சமாக இருந்த இந்திய வம்சாவளி வாக்காளர் தொகை 1939 அளவில் இரண்டேகால் இலட்சத்தை எட்டியது.

ஆனால் வாசகர்கள் கவனிக்க வேண்டிய முரண்பாடு ஒன்று இங்கே உண்டு. நாட்டை ஆளும் அரசாங்க சபைக்கு உறுப்பினரைத் தெரிவு செய்யத் தகுதி பெற்ற அதே தொழிலாளி, தன் லயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த கிராமச் சங்கத்திற்கு வாக்களிக்க முடியாதவனாக இருந்தான். கொழும்பிலிருந்த ஆட்சி அவனுடைய விருப்பைக் கேட்டது. பக்கத்துச் சந்தியிலிருந்த ஆட்சி கேட்கவில்லை. ஒரு கிணறு எங்கே வெட்டப்பட வேண்டும், ஒரு பாலம் எந்த ஓடைக்குக் குறுக்கே போடப்பட வேண்டும் என்ற சின்னஞ்சிறு தீர்மானங்களில்தான் மனிதனின் அன்றாட வாழ்வு தங்கியிருக்கிறது. அந்தத் தீர்மானங்களிலிருந்து ஒரு சமூகம் முழுமையாக விலக்கி வைக்கப்பட்டது. அந்த விலக்கல் எவ்வாறு உருவானது, எவ்வளவு காலம் நீடித்தது, இன்று எந்த அளவில் எஞ்சியிருக்கிறது என்பதைச் சப்ரகமுவ மாகாணத்தை முன்னிறுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையகம் என்றவுடன் நுவரெலியாவையும் அட்டனையும் மட்டுமே நினைப்பது நம்மவர்களின் வழக்கமாகிவிட்டது. எங்கள் பத்திரிகை அலுவலகங்களிலும் அப்படித்தான். இறக்குவானையிலிருந்தோ தெரணியகலையிலிருந்தோ வரும் ஒரு செய்தி, உயிரிழப்பு ஏதும் இல்லையென்றால், உள்பக்கத்தில் ஒரு மூலைக்குப் போய்விடும். முப்பது ஆண்டுகளாக இத்தொழிலில் இருப்பவன் என்ற வகையில் இதைச் சொல்கிறேன். இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்ட மக்களின் உள்ளூராட்சி வரலாறு அதனாலேயே தனியாக எழுதப்பட வேண்டியதாகிறது.

கிராமம் என்ற சொல்லின் எல்லை

பிரித்தானியர் காலத்து உள்ளூராட்சி இரண்டு வழிகளில் வளர்ந்தது. நகரங்களுக்கு 1865 ஆம் ஆண்டின் மாநகர சபைக் கட்டளைச் சட்டம் வந்தது. கிராமங்களுக்கு, ஆளுநர் சேர் ஹேர்குலிஸ் றொபின்சன் காலத்தில், 1871 ஆம் ஆண்டின் கிராமச் சமுதாயக் கட்டளைச் சட்டம் வந்தது. மன்னராட்சிக் காலத்தில் வழங்கிய 'கம்சபாவ' என்ற கிராமிய அமைப்பிற்குப் புத்துயிர் ஊட்டுவதே அதன் நோக்கம் என்று கூறப்பட்டது. வயல்களுக்கு நீர் பாய்ச்சுதல், வரம்பு காத்தல், கிராமப் பாதைகளைச் செப்பனிடுதல், சிறு வழக்குகளைத் தீர்த்தல் ஆகியவை அதன் பணிகளாயின. நெற்செய்கையை மையமாகக் கொண்ட ஒரு கிராமத்தின் கற்பனையே அச்சட்டத்தின் அடித்தளமாக இருந்தது.

அச்சட்டம் 1889 இல் விரிவாகத் திருத்தி எழுதப்பட்டது. சப்ரகமுவ தனி மாகாணமாக்கப்பட்டதும் அதே 1889 ஆம் ஆண்டில்தான். அந்த வேளையில் மாகாணத்தின் நிலத்தோற்றமே மாறிக்கொண்டிருந்தது. கோப்பிச் செய்கை நோயால் அழிந்து, பலாங்கொடை, இறக்குவானைப் பக்கத்து உயர்நிலங்களில் தேயிலை ஏறியது. பின்னர் கேகாலை மாவட்டத்தின் தாழ்ந்த குன்றுகளில் இறப்பர் பரவியது. களனிப் பள்ளத்தாக்கு ரயில் பாதை 1903 இல் எட்டியாந்தோட்டையையும், 1912 இல் இரத்தினபுரியையும், 1919 இல் ஓப்பநாயக்கவையும் தொட்டது. தமிழகத்து மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் இக்குன்றுகளில் லயன்களில் குடியேற்றப்பட்டன.

இவ்வளவு பெரிய மாற்றம் நிகழ்ந்தும், கிராமம் என்ற சட்டச் சொல்லின் பொருள் மாறவில்லை. தோட்டம் கிராமத்தின் நடுவே இருந்தது. ஆனால் கிராமமாகக் கணிக்கப்படவில்லை. 1889 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஐரோப்பியரும் பறங்கியரும் இந்தியத் தமிழ்த் தொழிலாளரும் கிராமச் சங்கத்தின் வாக்காளராக மாட்டார். துரைக்கும் தொழிலாளிக்கும் ஒரே விலக்கு என்றால் அது சமத்துவம் போலத் தோன்றலாம். துரைக்குக் கிராமச் சங்கம் தேவைப்படவில்லை என்பதே உண்மை. அவருடைய பாதையை அரசாங்கம் போட்டுக் கொடுத்தது. அவருடைய குரலைத் தோட்டத்துரைமார் சங்கம் ஆளுநரிடம் கொண்டு சென்றது. தொழிலாளிக்கோ பீலித் தண்ணீர் முதல் பிள்ளைக் காம்பரா வரை எல்லாமே தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தன.

1937: பெயரைச் சொல்லியும் சொல்லாமலும்

இரண்டாவது அரசாங்க சபையில் உள்ளூராட்சி அமைச்சராக இருந்தவர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க. அவர் காலத்தில் 1937 இல் கிராமச் சமுதாயச் சட்டத்திற்குத் திருத்தம் கொண்டுவரப்பட்டது. ஐரோப்பியருக்கும் பறங்கியருக்கும் இருந்த தடை நீக்கப்பட்டது. இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு இருந்த தடை மட்டும் தொடர வேண்டும் என்றாயிற்று.

இதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் கேட்பதற்கு நியாயம் போலவே இருந்தன. தோட்டத் தொழிலாளி கிராமச் சங்கத்திற்கு வரி செலுத்துவதில்லை. கிராமச் சங்கத்தின் சேவை எதையும் பெறுவதுமில்லை. அவனுக்கு வேண்டியதைத் தோட்டம் செய்து கொடுக்கிறது. எனவே அவனுக்கு வாக்கு எதற்கு? இந்த வாதத்தில் ஒரு வட்டம் இருப்பதைக் காணலாம். சேவை கிடைக்காததால் வாக்கில்லை என்றார்கள். வாக்கில்லாததால் சேவை கேட்க வழியில்லை. ஒவ்வொரு மறுப்பும் மற்ற மறுப்புக்குச் சான்றாக நின்றது. எண்பது ஆண்டுகள் நிலைத்து நின்ற வாதம் இது என்பதால் இதை இங்கே விரித்துச் சொல்ல நேர்ந்தது.

இந்திய அரசாங்கம் ஆட்சேபித்தது. இனத்தின் பெயரால் ஒரு சமூகத்தைத் தனித்து விலக்குவது ஏற்கத்தக்கதல்ல என்ற நிலையில் சட்டத்தின் வாசகம் மாற்றப்பட்டது. 'இந்தியர்' என்ற சொல் அகற்றப்பட்டு, தோட்டங்கள் வழங்கும் குடியிருப்பில் வாழும் தொழிலாளர் எவருக்கும் வாக்கில்லை என்ற பொருள்பட அது அமைந்தது. லயன்களில் வாழ்ந்தோர் யார் என்பது நாடறிந்த விடயம். சட்டத்தின் மொழி நடுநிலையானது. அதன் விளைவு பழையபடியே இருந்தது. இரு நாட்டு உறவில் ஏற்பட்ட இக்கசப்பும், தொடர்ந்து அரச திணைக்களங்களிலிருந்து இந்திய நாட்கூலித் தொழிலாளர் நீக்கப்பட்ட விவகாரமும் சேர்ந்துதான் 1939 ஜூலையில் ஜவஹர்லால் நேரு இலங்கைக்கு வரும் நிலையையும், இலங்கை இந்திய காங்கிரஸ் பிறக்கும் சூழலையும் உருவாக்கின.

கையிலிருந்ததும் போன காலம்

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியா, தலவாக்கலை, கொட்டகலை, நாவலப்பிட்டி, மஸ்கெலியா, பதுளை, அளுத்நுவர ஆகியன அவை. அந்தப் பட்டியலில் சப்ரகமுவவின் ஒரு தொகுதி கூட இல்லை. வாக்குரிமை முழு வீச்சில் இருந்த அந்த ஒரே தேர்தலிலும் இரத்தினபுரி, கேகாலைத் தோட்ட மக்கள் தங்களில் ஒருவரை அனுப்ப முடியாத அளவுக்குச் சிதறி வாழ்ந்தனர்.

பின்பு நடந்தது யாவரும் அறிந்ததே. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. 1949 ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்கைப் பறித்தது. பாராளுமன்ற வாக்காளர் இடாப்பில் பெயரில்லாதவருக்கு உள்ளூராட்சித் தேர்தலும் எட்டாக் கனியாயிற்று. 1964 ஒக்டோபரின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. எந்த நாட்டில் வாழப்போகிறோம் என்றே தெரியாத குடும்பத்திடம், உன் ஊருக்கு எத்தகைய பாதை வேண்டும் என்று யார் கேட்கப்போகிறார்கள்?

1980 ஆம் ஆண்டின் அபிவிருத்திச் சபைகள் சட்டத்தின் கீழ் 1981 ஜூன் 4 ஆம் திகதி மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல்கள் நடந்தன. திட்டமிடலை மாவட்ட மக்களிடம் கொண்டு செல்வதாக அரசு அறிவித்தது. அதுவரை இயங்கிய பட்டின சபைகளும் கிராம சபைகளும் கலைக்கப்பட்டன. இரண்டு மாதங்கள் கழிந்து, அதே 1981 ஓகஸ்டில், இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளின் தோட்ட லயன்கள் தாக்கப்பட்டன. 1977 இன் வன்செயல்களில் அடிபட்டு மீண்டவர்களே மறுபடியும் அடிபட்டனர். பலர் வவுனியாவை நோக்கி நகர்ந்தனர். இருந்தவர்கள் பொதுக் கூட்டத்தில் எழுந்து தமிழில் பேசவே தயங்கும் மனநிலைக்கு ஆளாயினர். மக்கள் பங்களிப்புக் குறைவு என்று அறிக்கை எழுதும் ஆய்வாளர்கள் இந்த அச்சத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது என் துணிபு.

33 ஆம் பிரிவு

1986, 1988 ஆண்டுகளின் சட்டங்களால் நாடற்றோர் பிரச்சினை பெருமளவு தீர்ந்து, 2003 ஆம் ஆண்டின் சட்டத்தோடு அது முடிவுக்கு வந்தது. வாக்கு திரும்பி வந்தது. ஆனால் வாக்கு திரும்பி வந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வேறொரு கதவை மூடியது. 1988 முதல் பிரதேச சபைகள் நடைமுறைக்கு வந்தன; 1991 இல் முதல் தேர்தல் நடந்தது. தோட்ட மக்கள் வாக்களித்தார்கள். சில இடங்களில் உறுப்பினர்களையும் பெற்றார்கள். எனினும் அச்சட்டத்தின் 33 ஆம் பிரிவின் காரணமாக, சபையின் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட முடியாது என்பதே நடைமுறையாக இருந்தது.

இதன் பொருளை நான் நேரில் உணர்ந்த சந்தர்ப்பம் ஒன்று உண்டு. 2000 களின் நடுப்பகுதியில் சப்ரகமுவவின் ஒரு பிரதேச சபைக் கூட்டத்தைச் செய்திக்காகப் பார்வையிட்டேன். சபையின் பெயர் இங்கே தேவையில்லை. எந்தச் சபையிலும் நடந்திருக்கக்கூடியது அது. தமிழ் உறுப்பினர் ஒருவர், மழைக்காலத்தில் பிள்ளைகள் பாடசாலைக்குப் போகும் தோட்டப் பாதையில் ஒரு சிறு கான்பாலம் கட்டித் தருமாறு பிரேரணை கொண்டு வந்தார். எதிர்ப்பு எதுவும் எழவில்லை. தவிசாளர் அனுதாபத்தோடுதான் பேசினார். செயலாளர் சட்டப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். கணக்காய்வாளர் கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பிரேரணை 'கவனத்தில் எடுக்கப்பட்டது'. அடுத்த பிரேரணையான கிராமத்துக் கிணறு ஐந்து நிமிடத்தில் நிறைவேறியது. கெட்ட மனிதர் எவரும் அந்த மண்டபத்தில் இல்லை. சட்டம் மட்டும் தன் வேலையைச் செய்தது.

நிரந்தரப் பயிர்ச்செய்கை நிலங்களுக்கு ஏக்கர் வரி விதிக்கும் அதிகாரம் பிரதேச சபைகளுக்கு இருந்தது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். தோட்டத்து மண் சபைக்கு வருமானமாகலாம். தோட்டத்து மனிதர் சபைக்குச் செலவாகக் கூடாது. 1937 இன் வாதம் வேறு உடையில் வந்து நின்றது.

கண்டியைத் தளமாகக் கொண்ட சமூக அபிவிருத்தி நிறுவகம் போன்ற அமைப்புகள் இப்பிரிவைத் திருத்த வேண்டுமெனப் பல ஆண்டுகள் வலியுறுத்தின. 2015 க்குப் பின் தமிழ் முற்போக்குக் கூட்டணி அதை அரசியல் கோரிக்கையாக்கியது. முடிவில் 2018 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் நிறைவேறி, தோட்டங்களுக்குள்ளும் பிரதேச சபைகள் சேவை வழங்க வழி பிறந்தது. 1889 இலிருந்து கணக்கிட்டால் 129 ஆண்டுகள்.

யாரிடம் கேட்பது?

சட்டம் மூடியிருந்த இந்த நீண்ட காலத்தில் மக்கள் வாய்மூடி இருந்தார்கள் என்று எண்ணுவது பிழை. அவர்கள் வேறொரு வாசலில் கேட்டார்கள். அது தொழிற்சங்கம். கூரைத் தகரம் ஒழுகினால் தோட்டத் தலைவரிடம் சொல்வார்கள். அவர் மாவட்டப் பிரதிநிதியிடம் சொல்வார். அவர் துரையிடமோ கொழும்பிலுள்ள தலைவரிடமோ கொண்டு செல்வார். மாதச் சந்தா செலுத்தும் அங்கத்தவருக்கு அது ஓர் உரிமை. தொழிற்சங்கம் இல்லாதிருந்தால் இம்மக்கள் முற்றாக அநாதைகளாகியிருப்பர் என்பதை மறுக்க இயலாது.

ஆனால் இந்த வழிக்கு ஒரு விலையும் இருந்தது. தலைவர் பெற்றுத் தந்தால் அது தலைவரின் கொடையாகிறது. எவ்வளவு நிதி ஒதுக்கப்பட்டது, எந்த லயத்திற்கு முதலில், எதற்காக என்று கேட்கும் இடம் அதில் இல்லை. 1974 இல் தொடங்கிய பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டம் பாராளுமன்ற உறுப்பினர் வழியாக நிதியைப் பாய்ச்சியபோது இப்பழக்கம் நாடெங்கும் வேரூன்றியது. தோட்டங்களில் அது இன்னும் ஆழமாக ஊன்றியது. திறப்பு விழாப் பெயர்ப்பலகைகளைப் பாருங்கள். தந்தவரின் பெயர் பெரிதாக இருக்கும். செலவான தொகை இருந்தால் அதிர்ஷ்டம்.

சப்ரகமுவவின் கணக்கு

நுவரெலியா மாவட்டத்தில் மக்கள் தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழர். அங்கே எண்ணிக்கையே ஆயுதம். இரண்டு இலட்சத்தைத் தாண்டிய மக்களுக்கு ஒரு சபை என்றிருந்த நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகளைப் பிரித்துக் கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா எனப் புதிய சபைகள் கோரப்பட்டன. 2018 தேர்தலுக்கு முன்பு இரண்டு சபைகள் ஆறாகின. தமிழ்த் தவிசாளர்கள் வந்தார்கள்.

இரத்தினபுரியிலும் கேகாலையிலும் இது சாத்தியமில்லை. 2012 குடிசனக் கணக்கெடுப்பில் இரத்தினபுரி மாவட்டத்தில் 10,88,007 பேரும் கேகாலை மாவட்டத்தில் 8,40,648 பேரும் வாழ்ந்தனர். தமிழர் இரு மாவட்டங்களிலும் சிறிய சிறுபான்மையினரே. தோட்டங்களும் தொடர்ச்சியாக அமையவில்லை. ஒரு தோட்டத்திற்கும் அடுத்ததற்கும் இடையே நான்கு சிங்களக் கிராமங்கள் இருக்கும். 2012 செப்டம்பரில் நடந்த சப்ரகமுவ மாகாண சபைத் தேர்தலில் மலையகக் கட்சிகள் வேற்றுமைகளை ஒதுக்கிச் சேவல் சின்னத்தில் ஒன்றாக நின்று இரண்டு ஆசனங்களைப் பெற்றன. ஒற்றுமையின் உச்சத்தில் கிடைத்ததே இரண்டு. அந்த மாகாண சபையின் பதவிக்காலமும் 2017 இல் முடிந்து, பின்னர் தேர்தல் நடத்தப்படவில்லை.

இந்த எண்கணிதத்திலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். நுவரெலியாவில் ஆசனங்களைக் கொண்டு அடையக்கூடியதைச் சப்ரகமுவவில் நடைமுறைகளைக் கொண்டுதான் அடைய வேண்டும். பெரும்பான்மை இல்லாதவருக்கே ஆலோசனைக் குழுவும், பகிரங்கக் கூட்டமும், கணக்குக் கேட்கும் உரிமையும் மிகவும் தேவைப்படுகின்றன. ஆசனம் கிடைக்கவில்லையே என்று வருந்துவதில் நாம் செலவிட்ட மையில் நூறில் ஒரு பங்கை, இருக்கின்ற நடைமுறைகளை விளக்குவதில் செலவிட்டிருக்கலாம்.

அந்த நடைமுறைகள் எவை? பிரதேச சபைகள் சட்டத்திலேயே ஊர் மக்களையும் சேர்த்து ஆலோசனைக் குழுக்கள் அமைக்க இடமுண்டு. 2009 ஆம் ஆண்டின் உள்ளூராட்சி பற்றிய தேசியக் கொள்கை மக்கள் பங்களிப்பை வெளிப்படையாக வலியுறுத்தியது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபின், தன் வட்டாரத்திற்குச் சபை எவ்வளவு ஒதுக்கியது, எவ்வளவு செலவிட்டது என எழுத்தில் கேட்க எந்தப் பிரஜைக்கும் உரிமை உண்டு. பாதீடு தயாராகும் ஆண்டிறுதிக்கு முன்பே கோரிக்கை சபையை அடைந்தால் அடுத்த ஆண்டுத் திட்டத்தில் இடம்பெற வாய்ப்புண்டு. பாதீடு நிறைவேறிய பின் ஜனவரியில் கொடுக்கும் மனு அலுமாரியில் உறங்கும். இந்தச் சிறிய உண்மை தெரியாமல் மனு எழுதி மனம் கசந்த தோட்டத்து இளைஞர் பலரை நான் அறிவேன்.

கடல் கடந்த பாடங்கள்

உலக அனுபவம் இதற்குத் துணை நிற்கிறது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரில் 1989 இல் மக்களே முன்னுரிமைகளைத் தீர்மானிக்கும் பாதீட்டு முறை தொடங்கியது. கேரளத்தில் 1996 ஓகஸ்டில் மக்கள் திட்ட இயக்கம் ஆரம்பமாகி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 வீதம் வரை உள்ளாட்சிகளுக்குக் கையளிக்கப்பட்டது. தமிழகத்தில் கிராம சபைகள் ஆண்டுதோறும் குறித்த நாட்களில் கூடுகின்றன.

கேரளத்தின் மூணாறு நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கும் தமிழ்த் தொழிலாளர், அங்கும் லயன்கள், அங்கும் தொழிற்சங்கத் தலைவர்மார். 2015 செப்டம்பரில் மூணாறுப் பெண் தொழிலாளர்கள் சங்கங்களை ஒதுக்கிவிட்டுத் தாங்களே வீதிக்கு வந்தார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று அது அறியப்பட்டது. இரண்டு மாதங்கள் கழித்து நடந்த உள்ளாட்சித் தேர்தலில் அவர்கள் சில இடங்களை வென்றனர். கொழுந்துக் கூடை சுமப்பவர் பஞ்சாயத்து நாற்காலியில் அமரலாம் என்பதை அவர்கள் காட்டினார்கள். இலங்கையில் 2018 தேர்தல் முதல் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு நடைமுறையில் உள்ளது. அந்த ஒதுக்கீட்டில் சப்ரகமுவத் தோட்டத்துப் பெண்களுக்கு எத்தனை நாற்காலிகள் கிடைக்கின்றன என்பதைக் கட்சிகளிடம் கேட்க வேண்டும்.

எஞ்சி நிற்பவை

2018 திருத்தம் பெரிய வெற்றி. ஆயினும் மூன்று தடைகள் எஞ்சியுள்ளன.

முதலாவது நிலம். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992 இல் அவை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் முகாமைக்குச் சென்று, நீண்டகாலக் குத்தகையில் உள்ளன. சபையிடம் பணமும் சட்டமும் இருந்தாலும், கம்பனியின் இணக்கம் இல்லாமல் அந்த மண்ணில் மண்வெட்டி வைப்பது கடினம். லயத்தில் வாழ்பவருக்கு உறுதிப்பத்திரம் இல்லை. தன் வாசலுக்கு வரும் பாதை யாருடையது என்று கூட அவருக்குத் தெரியாது. 2016 மே மாதத்தில் அறநாயக்கவில் மலை சரிந்த அதே நாட்களில், புளத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்து லயத்தின் மீதும் மண் சரிந்து உயிர்களைக் கொண்டு போனது. ஆபத்தான சரிவில் வாழ்வதா, இடம் மாறுவதா என்ற முடிவைக்கூட அங்கு வாழ்வோர் தாமாக எடுக்க முடிவதில்லை. திட்டமிடலில் பங்கு என்பது அலங்காரச் சொல் அல்ல, உயிர் சம்பந்தப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இரண்டாவது மொழி. சப்ரகமுவவின் சபைகளில் கூட்ட அறிவித்தலும் பாதீட்டு வரைபும் பெரும்பாலும் சிங்களத்திலேயே இருக்கின்றன. தமிழ் அரசகரும மொழி என்று அரசியலமைப்பு சொல்கிறது. அறிவித்தலே புரியாதவர் எப்படிக் கூட்டத்திற்கு வருவார்?

மூன்றாவது நேரம். திட்டமிடல் கூட்டங்கள் வார நாட்களில் காலை பத்து மணிக்குக் கூட்டப்படுகின்றன. அலுவலருக்கு அது வேலை நேரம். தோட்டத் தொழிலாளிக்கு அது ஒரு நாள் பேர் போகும் நேரம். பெரட்டுக்குப் போய் மலை ஏறியவர் கூட்டத்திற்கு வர வேண்டுமானால் அன்றைய சம்பளத்தை இழக்க வேண்டும். 2016 ஆம் ஆண்டுக் குடித்தன வருமானக் கணிப்பில் நாட்டின் வறுமை வீதம் 4.1 ஆக இருந்தபோது பெருந்தோட்டத் துறையில் அது 8.8 ஆக இருந்தது. அந்த வறுமையில் ஒரு நாட்கூலியைக் கொடுத்துத் தன் உரிமையை வாங்கு என்று சொல்வது கொடுமை. கூட்டத்தை மாலை ஐந்து மணிக்கு, தோட்டத்துப் பாடசாலையில் கூட்டுவதற்குப் பாராளுமன்றச் சட்டம் எதுவும் தேவையில்லை.

உள்ளூராட்சி மன்றங்கள் 2023 மார்ச்சில் கலைந்து, தேர்தல் ஒத்திவைக்கப்பட்டு, அது அடிப்படை உரிமை மீறல் என 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, 2025 மே 6 ஆம் திகதி புதிய மன்றங்கள் தெரிவாகின. 2024 பொதுத் தேர்தலில் இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து சுந்தரலிங்கம் பிரதீப் பாராளுமன்றம் சென்று பிரதியமைச்சரானார். 2025 இல் அரசு தொடங்கிய பிரஜாசக்தித் திட்டம் கிராம சேவகர் பிரிவு மட்டத்தில் சமூக அபிவிருத்திக் குழுக்களை அமைக்கிறது. இக்குழுக்களின் தலைமை ஆளுங்கட்சியினருக்கே போகிறது என்ற விமர்சனம் ஒருபுறம் இருக்க, நமக்குரிய கேள்வி வேறு. கிராமமும் தோட்டமும் கலந்த ஒரு கிராம சேவகர் பிரிவில் அமையும் குழுவில் தோட்டத்திலிருந்து எத்தனை பேர்? அவர்களில் பெண்கள் எத்தனை பேர்? அறிக்கை எந்த மொழியில்?

தெஹியோவிட்ட, எட்டியாந்தோட்டை, தெரணியகலை, பலாங்கொடை, நிவித்திகலை, கொடகவெலைப் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து இன்று கொழும்பிலும் கனடாவிலும் வளைகுடாவிலும் இருக்கும் வாசகர்கள் பலர். கோயில் கும்பாபிஷேகத்திற்கு நீங்கள் அனுப்பும் பணம் ஊருக்குப் பயன்படுகிறது. அத்தோடு ஊரிலுள்ள தம்பி தங்கைகளுக்கு இன்னொன்றையும் சொல்லுங்கள். ஆண்டு முடிவதற்குள் தங்கள் பிரதேச சபைக்கு ஒரு தகவல் கோரிக்கையை எழுதித் தோட்டங்களுக்கான ஒதுக்கீடு எவ்வளவு என்று கேட்கட்டும். தமிழிலேயே எழுதலாம். பதில் வர வேண்டிய காலத்தைச் சட்டம் குறித்து வைத்திருக்கிறது.